காரணம் கேட்டு நின்ற அக்கா

'இல்லை' என்று சொன்ன பிறகும் ஒருவர் வாசலை விட்டு நகராமல் நிற்பதை நான் முதன்முதலாகப் பார்த்தது வேலூரை ஒட்டிய சத்துவாச்சாரியில்தான். எழுபதுகளின் தொடக்கம். வயல்களை மனைகளாக்கி விற்றுக்கொண்டிருந்த காலம். புது வீடுகள் தள்ளித் தள்ளி நின்றன. இடையிடையே பழைய வரப்பு அழியாமல் கிடந்தது. வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாகச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல், எங்கள் வார்டின் மூத்த நர்ஸோடு சேர்ந்து வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருந்தேன். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நோயாளிகளுக்கு அவர் சிஸ்டர், எனக்கு அக்கா.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அறைகளைக் காட்டினார். கிணற்றுத் தண்ணீரை மொண்டு கொடுத்துக் குடித்துப் பார்க்கச் சொன்னார். வாடகையைக்கூடத் தாமாகவே கொஞ்சம் குறைத்தார். பிறகு ஊர் விசாரித்தார். நான் குடியாத்தம் என்றேன். எந்தத் தெரு, அப்பா யார் என்று கேட்டுத் தலையாட்டிக்கொண்டார். அக்கா ஆம்பூர் என்றார்.

"ஆம்பூர்ல எந்தப் பக்கம்?"

"ரயில் லைனுக்கு அந்தாண்ட. தோல் ஷாப்புங்களுக்குப் பின்னால."

தோல் பதனிடும் இடங்களை எங்கள் பக்கத்தில் தோல் ஷாப்பு என்றுதான் சொல்வோம். அவற்றுக்குப் பின்னால் இருக்கும் தெருக்களில் யார் குடியிருப்பார்கள் என்பது ஜில்லா முழுக்கத் தெரியும். வீட்டுக்காரர் கையிலிருந்த சாவிக்கொத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அடடா, மறந்தே போய்ட்டேன். என் பொண்ணு வந்து தங்கப்போறேன்னு சொல்லியிருந்தா. வீடு இப்ப குடுக்கறதுக்கு இல்லம்மா."

நான் சரி என்று திரும்பிவிட்டேன். அக்கா திரும்பவில்லை.

"பொண்ணு வர்றது காரணம் இல்லைங்க. வேற ஒண்ணு இருக்குது. அத சொல்லுங்க, போய்ட்றோம்."

"அதான் சொன்னேனேம்மா."

"யோசிச்சே சொல்லுங்க. நான் நிக்கிறேன்."

நின்றார். குரல் கொஞ்சமும் உயரவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி நிதானமாகச் சாவி கொடுத்தார், பிறகு கட்டிக்கொண்டார். வீட்டுக்காரர் உள்ளே போனார், வெளியே வந்தார், மறுபடி உள்ளே போனார். எதிர் வீட்டு ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது.  வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ மட்டும்னா வந்துக்கம்மா" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு வேண்டாம் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

"தோல் ஷாப்பு தெரு ஆளுங்களுக்கு நாங்க வீடு குடுக்கறதில்ல. இதத்தான கேட்ட? போதுமா?"

"போதுங்க. வர்றோம்."

பஸ் நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தோம்.  "எதுக்குக்கா இது, அந்தாளு வாயால அத கேக்கணுமா?" என்றேன்.

"கேக்கலன்னா இன்னா ஆவும் தெரியுமா? அந்தாளு ராத்திரி நிம்மதியா தூங்குவான். நாமதான் நம்ம புடவைல குறையா, பேச்சுல குறையான்னு யோசிச்சுக்கினு கெடப்போம். அவன் குறைய அவன்கிட்டயே விட்டுட்டு வந்தேன், அவ்ளோதான்."

இதுதான் அக்கா. அந்த ஒரு குணத்தைச் சுற்றித்தான் அவரைப் பற்றிய என் எல்லா ஞாபகங்களும் இருக்கின்றன.

அவரோடு வெளியே போவது அவ்வளவு சுலபம் இல்லை. நிறுத்தத்தில் நிற்காமல் போன பஸ்ஸை அடுத்த நாள் அதே இடத்தில் மறித்துக் கண்டக்டரிடம் காரணம் கேட்டார்; பஸ்ஸே எங்களை முறைத்தது. ஒரு முறை வார்டில், நாற்றம் அடிக்கிறது என்று ஒரு தோல் ஷாப்பு தொழிலாளியின் கட்டிலைக் கழிவறைப் பக்கம் தள்ளச் சொன்னார் ஒரு இளம் டாக்டர். அக்கா கட்டிலைத் தொடாமல், "நோட்டுல இன்ன காரணம்னு எழுதிக் குடுங்க டாக்டர், உடனே மாத்திட்றேன்" என்றார். டாக்டர் எழுதவில்லை, கட்டிலும் நகரவில்லை. ஆனால் அந்த டாக்டர் அந்த மாதம் முழுக்க எங்கள் வார்டு நர்ஸுகளிடம் ஒரு வார்த்தை சிரித்துப் பேசவில்லை. மற்றவர்களுக்கு அக்காமேல் எரிச்சல். எனக்கும் சில நாள் இருந்தது.

கடைசியில் வேலூர் தோட்டப்பாளையத்தில் ஒரு டீச்சரம்மா வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகள் கிடைத்தன. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அக்கா ஆம்பூருக்குப் போய்விடுவார். சில சமயம் நானும் போவேன். நாட்டு ஓடு வேய்ந்த மண்சுவர் வீடு. அவருடைய அப்பா கட்டியது. தம்பியும் தம்பி மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். தம்பிக்குத் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நிற்கிற வேலை. முழங்காலுக்குக் கீழே தோல் வெந்து வெந்து நிறம் மாறியிருக்கும். அதிகம் பேசமாட்டார். அக்கா பேசினால் கேட்டுக்கொண்டிருப்பார். அப்பா இல்லாத வீட்டில் அவரைப் படிக்கவைக்கப் பார்த்து முடியாமல், பிறகு கல்யாணமும் செய்துவைத்தது அக்காதான்.

அந்த வீட்டின் பின்சுவர் வெளிப்பக்கமாகப் பிதுங்கியிருந்தது. தெருவில் பல வீடுகள் அப்படித்தான். ஷாப்புக் கழிவுநீர் ஓடுகிற கால்வாய் வீடுகளின் முதுகை ஒட்டிப் போனது. அந்தத் தண்ணீர் அடிமண்ணைத் தின்றுகொண்டே இருந்தது. இடித்துக் கட்டினால்தான் ஆச்சு. கட்டக் கடன் வேண்டும். ஊரில் ஒரு கூட்டுறவு வீடு கட்டும் சங்கம் இருந்தது. வீட்டுப் பத்திரத்தை அடமானமாக வாங்கிக்கொண்டு, மாதத் தவணையில் திருப்பிக் கட்டும்படி கடன் கொடுப்பார்கள். அக்காவுக்கு மாதச் சம்பளம் வருகிறது, பத்திரம் இருக்கிறது, சங்கத்தில் பங்கும் வாங்கியிருந்தார். மனுவோடு போனபோது நானும் கூடப் போனேன்.

சங்கத்தின் செயலாளர் மூக்குக் கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர். மனுவைப் பார்த்ததும் வைத்துவிட்டார்.

"ரயில் லைனுக்கு அந்தாண்ட லோன் கிடையாதும்மா. நீங்க நர்ஸு, நல்ல சம்பளம். இந்தப் பக்கம் ஒரு மனை வாங்குங்க, நானே முன்னால நின்னு வாங்கிக் குடுக்கறேன்."

"அந்தாண்ட ஏன் கிடையாது?"

"இடத்துக்கு மதிப்பு இல்லம்மா. நாளைக்கு நீங்க கட்டலன்னா நாங்க ஏலம் போடணும். அந்த நாத்தத்துல யாரு வந்து எடுப்பான்?"

"இது யார் சொன்னது?"

"கமிட்டி."

"கமிட்டில யாரு?"

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்கா கடிகாரத்தைக் கழற்றினார். எனக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கு ஊர் திரும்ப நேரமாகும் என்று. அலுவலகம் மூடுகிற வேளைவரை நின்றோம். பியூன் நாற்காலி கொண்டுவந்து போட்டான். அக்கா உட்காரவில்லை. கடைசியில் செயலாளர் பாவமாகச் சொன்னார், "என்னைக் கேட்டு இன்னா பிரயோஜனம்மா? பொதுக்குழுவுல வந்து தலைவரைக் கேளுங்க."

சங்கத்தின் தலைவர் ஊரில் மரமண்டி வைத்திருந்தவர். கோயில், பள்ளிக்கூடம், சங்கம் எல்லாவற்றிலும் அவர் பேர் இருக்கும். பொதுக்குழு கூடுவதற்கு முந்தின வாரம் அக்காவோடு ஆம்பூருக்குப் போயிருந்தேன். தெருக்கோடியில் துண்டுத்தோல் வியாபாரம் செய்கிற ஒரு பாய் இருந்தார். அவர் வீட்டுக் கூரையிலும் பாதி ஓடு இல்லை, தார்பாய்தான். அவருக்கும் சங்கத்தில் இதே பதில்தான் கிடைத்திருந்தது. அவர் அக்காவைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"இன்னொரு பேஜாரு கேளும்மா. மரமண்டிக்காரர் மச்சான் தெருத்தெருவா வர்றான். வீட்ட குடுக்கறியா, குடுக்கறியான்னு. கம்மி ரேட்டு சொல்றான். 'மழையில வுழுந்துட்டா அதுவும் கெடைக்காது பாய்'னு சிரிக்கிறான். ரோடு அகலமா போடப் போறாங்களாம், ஷூ கம்பெனிங்க வரப்போவுதாம். யாருக்குத் தெரியும்?"

"எத்தினி பேரு குடுத்துட்டாங்க?"

"நம்ம தெருவுல மேற்கால ரெண்டு வீடு. இன்னும் கேப்பான்."

அக்கா அன்றைக்கு மதியம் சரியாகச் சாப்பிடவில்லை. தம்பி தட்டைப் பார்த்துவிட்டு, "விட்ருக்கா, அவங்களாண்ட மோத முடியுமா நம்மால" என்றார். அவர் பேசியதே அவ்வளவுதான். 

பொதுக்குழு ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. நான் உறுப்பினர் இல்லை என்பதால் வராந்தாவில் நின்று ஜன்னல் வழியே பார்த்தேன். உள்ளே பெண் என்று இருந்தவர் அக்கா ஒருவர்தான். வெள்ளைப் புடவை. வரவு செலவு வாசித்தார்கள், கை தட்டினார்கள், காராபூந்தி கொடுத்தார்கள். 'வேறு ஏதேனும்' என்று தலைவர் சொன்னபோது அக்கா எழுந்தார்.

"ரயில் லைனுக்கு அந்தாண்ட லோன் இல்லைன்னு சொல்றீங்க. காரணம் வேணும்."

தலைவர் சிரித்த முகமாகவே பதில் சொன்னார். "சிஸ்டர், அதுல யார் மேலயும் கோவம் இல்ல. அந்த எடத்துக்கு மதிப்பு கிடையாது. சங்கத்துப் பணத்த நாங்க காப்பாத்தணும் இல்ல?"

"மதிப்பு இல்லைன்றது நெஜமாங்க?"

"நெஜம்தான். ஒரு பைசா பெறாது."

"அப்ப உங்க மச்சான் எதுக்கு அத வெலைக்கு வாங்கறாரு?"

ஹாலில் காராபூந்திப் பொட்டலம் கசங்குகிற சத்தம்கூட நின்றுவிட்டது. தலைவர் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது, ஆனால் கண் மாறிவிட்டது.

"உக்காரும்மா."

"நீங்க சொல்லுங்க, நான் நிக்கிறேன்."

முன்வரிசையில் இருந்த ஒருவன் எழுந்து, "பொம்பளன்னு பாக்கறோம்" என்றான். இன்னொருவன் வாசல் கதவுப் பக்கம் போய் நின்றான்.  ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட வேண்டும் என்றிருந்தது, ஆனால் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே நின்றேன். அக்கா கடிகாரத்தைக் கழற்றிச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். தூரத்திலிருந்தே அவர் விரல் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. அவர் பயப்படாதவர் என்று அதுவரை நினைத்திருந்தேன். பயந்துகொண்டுதான் நின்றார்.

பின்வரிசையில் பாய் எழுந்தார். அவர் எதுவும் பேசவில்லை, சும்மா எழுந்து நின்றார். பிறகு சுவரோரமாக இன்னும் இரண்டு பேர். தலைவர் மேஜையைத் தட்டினார்.

"அந்தத் தெரு ஆளுங்களுக்கு வீடு கட்டிக் குடுத்தா இந்தப் பக்கத்து ஆளுங்க சங்கத்த விட்டுப் போய்டுவாங்க. தெரிஞ்சுக்கினே கேக்கறியா? கூட்டம் முடிஞ்சுது."

சொல்லிவிட்டார். அத்தனை பேர் காதிலும் விழும்படி. அக்கா தலையை அசைத்துவிட்டு வெளியே வந்தார். கதவருகே நின்றவன் விலகி வழிவிட்டான்.

அடுத்த வாரம் செயலாளரே வேலூருக்கு வந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்களைப் பார்த்தார். பையிலிருந்து அக்காவின் மனுவை எடுத்தார்.

"உங்களுக்கு ஒருத்தருக்கு மட்டும் ஸ்பெஷலா குடுக்கச் சொல்லிட்டாரும்மா. கையெழுத்துப் போட்டா வர்ற மாசமே அஸ்திவாரம் போடலாம்."

"பாய்க்கு?"

"அதெல்லாம் அப்புறம் பாக்கலாம்."

"என் வீடும் அவர் வீடும் ஒரே தெருதான? எனக்கு மதிப்பு வந்துட்டுது, அவருக்கு ஏன் வரல?"

செயலாளர் குரலைத் தாழ்த்தினார். அவர் கெட்டவர் இல்லை. "என் தங்கச்சியாட்டம் நெனச்சு சொல்றேன், வாங்கிக்கம்மா. மழைக்காலம் வருது. உங்க பின்சுவர நான் பாத்தேன்."

அக்கா மனுவை வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"எல்லாருக்கும்னா நானும் வாங்கிக்கறேன்."

அன்றைக்கு எனக்கு அவரைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.  அதே ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பாலாற்றில் எப்போதும் இல்லாத தண்ணீர். ஷாப்புகளை மூடிவிட்டார்கள், தம்பி வீட்டிலேயே இருந்தார். ஒரு காலை நேரம், பின்சுவருக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டை வழுக்குகிறது என்று அதைச் சரிப்படுத்தப் போயிருக்கிறார். சுவர் அப்படியே வெளிப்பக்கமாகச் சரிந்து அவர்மேல் விழுந்தது. குழந்தைகள் முன்னறையில் இருந்ததால் தப்பித்தார்கள்.

லாரியில் போட்டு எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். நாங்கள் இருவரும் டியூட்டியில் இருந்தோம். தம்பியின் வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியிருந்தது. தலைமுடி எல்லாம் சேறு. அக்கா பக்கத்தில் போய், "தம்பி" என்றார். அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். தம்பி மனைவி ஈரப் புடவையோடு கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் என்னிடம்தான் கேட்டாள். "அந்த ஆபீஸ்காரர் பணம் குடுக்கறேன்னு தேடி வந்தாராமே. பாய் சொன்னாரு. நெஜமா?"

 ஆமாம் என்றேன்.

காலை எடுக்காமல் காப்பாற்றினார்கள். ஆனால் குட்டையாகிவிட்டது. சுண்ணாம்புக் குழியில் இனி நிற்க முடியாது. ஆஸ்பத்திரியில் இருந்த அத்தனை நாளும் அக்காவிடம் தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டுப் பிரித்துக் கட்டும்போதுகூட என்னைத்தான் கூப்பிடுவார். பிறகு மனைவியின் ஊருக்கு, மாதனூர் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் போய்விட்டார்கள். ஒரு பெட்டிக்கடை வைத்துக்கொண்டார். இடிந்த வீட்டில் முன்னறை மட்டும் நின்றது. அதைப் பூட்டிவிட்டு அக்கா வேலூரிலேயே இருந்தார்.

அந்த மாதங்களில் நான் அவர்மேல் கோபமாக இருந்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரே அறையில் படுத்துக்கொண்டு இருவரும் பேசாமல் இருந்த நாட்கள் உண்டு. இவர் கொள்கைக்கு இன்னொருவர் கால் போகலாமா என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டே இருப்பேன். இன்னொரு பக்கம், அந்தச் சுவரைத் தள்ளியது இவரா என்றும் தோன்றும். எந்தப் பக்கம் போனாலும் நெஞ்சு ஆறவில்லை. அக்கா வழக்கம்போல வேலைக்குப் போனார், வந்தார். அவர் காரணம் கேட்டு நிற்பதை மட்டும் நான் வெகுகாலம் பார்க்கவில்லை. பஸ் நிற்காமல் போனால் அடுத்த பஸ்ஸுக்கு நின்றார்.

பிறகு அரசாங்கம் அந்தச் சங்கத்தின் கமிட்டியைக் கலைத்துவிட்டு ஒரு தனி அலுவலரை அனுப்பியது. தெருவில் பாய் உட்பட எல்லோரும் அக்காவைக் கூப்பிட்டார்கள். அக்கா வர மறுத்துவிட்டார். பாய் நேராக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நீ வராட்டி யாரும்மா கேப்பா? எங்களுக்கு வாய் வராது. அல்லா மேல ஆணையா சொல்றேன், தம்பி கால் போனது போனதுதான். மத்தவன் கால் போறதுக்குள்ள வா."

அக்கா போனார். நானும் போனேன். அலுவலர் நடுத்தர வயது, வெளியூர்க்காரர். அக்கா கேட்டதும் அவர் செயலாளரைத்தான் பார்த்தார்.

"ரயில் லைனுக்கு அந்தப் பக்கம் குடுக்கக் கூடாதுன்னு எந்த விதில இருக்கு?"

செயலாளர் எழுந்து நின்றார். "விதில இல்ல சார். வழக்கம்."

"விதியில் இல்லாததைச் சொல்லியா இத்தனை வருஷமா திருப்பி அனுப்பிச்சீங்க?"

  அலுவலர் அன்று சாயங்காலமே தெருவுக்கு வந்தார். மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் கடைசி வீடுவரை நடந்தார். இடிந்த சுவரின் முன்னால் நின்று, "இது யார் வீடு?" என்று கேட்டார். பாய் பதில் சொல்வதற்குள் அக்கா, "எங்க வீடுதான் சார். இது கடைசியில ஆவட்டும். மொதல்ல கூரை இல்லாதவங்களுக்குக் குடுங்க" என்றார்.

அப்படித்தான் நடந்தது. பாய் வீடு முதலில் எழும்பியது. பிறகு ஒவ்வொன்றாக. செங்கல் வண்டிகள் ரயில்வே கேட்டில் வரிசையாக நின்றன. கொத்தனார்களுக்கு அந்தப் பக்கம் வேலை இருக்கிறது என்று மாதனூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். தளம் போட்ட மெத்தை வீடுகள் வந்ததும் முனிசிபாலிட்டிக்கும் அந்தத் தெருவுக்கு வழி தெரிந்துவிட்டது; குழாய் போட்டார்கள், விளக்குக் கம்பம் நட்டார்கள், கால்வாய்க்குக் கரை கட்டினார்கள். நாற்றம் மட்டும் அப்படியே இருந்தது. மரமண்டிக்காரரின் மச்சான் மறுபடி வந்து, இந்த முறை கூடுதலாக விலை சொன்னார். சிலர் விற்றுவிட்டும் போனார்கள். அக்கா அவர்களைத் தடுக்கவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை.

தம் வீட்டு முறை வந்தபோது அவர் கையெழுத்துப் போடவில்லை. "மாதனூருக்கு வர்றியா?" என்று என்னைக் கேட்டார். நான் போனேன்.

தம்பி பெட்டிக்கடைக்குள் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்தும் வெற்றிலைக்குத் தண்ணீர் தெளிப்பதை நிறுத்தவில்லை. தம்பி மனைவி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். அக்கா கடைக்கு முன்னால் நின்றார். வெயில் சுள்ளென்று அடித்தது. ஆட்கள் வந்து பீடி வாங்கினார்கள், சோப்பு வாங்கினார்கள், இவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"வீடு கட்டப் போறேன்டா. உன் கையெழுத்தும் வேணும். உன் பேரும் பத்திரத்துல இருக்கணும்."

அவர் வெற்றிலையை அடுக்கினார்.

"எம்மேல கோவம் இருக்குது. இன்னான்னு நீ சொல்லல. சொல்லிடு."

தம்பி தண்ணீர்ச் செம்பை வைத்தார். தலையை நிமிர்த்தி அக்காவைப் பார்த்தார். நான் அவர் இவ்வளவு பேசி அதற்கு முன்னால் கேட்டதில்லை.

"கால் போனதுக்கு இல்லக்கா. சுவரு யாருக்கும் சொல்லிட்டு வுழல. அந்த ஆபீஸ்காரர் வந்து குடுக்கறேன்னு சொன்னப்ப, வேணாம்னு சொன்னியே. நான் அந்த வீட்டுலதான இருந்தேன்? எம் புள்ளைங்க அதுக்குள்ளதான படுத்துச்சு? ஊர்ல இருக்கற எல்லாரையும் ஏன்னு கேட்ட. என்னை வேணுமா வேணாமான்னு ஒரு வார்த்த கேட்டியா?"

தம்பி மனைவி வாசல்படியில் அப்படியே நின்றுவிட்டாள். அக்கா வாயைத் திறந்தார். எனக்குத் தெரிந்து அவரிடம் அதற்குப் பதில்கள் இருந்தன. வேலூர் அறையில் தனக்குத்தானே அவர் முணுமுணுத்ததை நான் கேட்டிருக்கிறேன். எதையும் சொல்லவில்லை.

"கேக்கல" என்றார். "நீயும் சரின்னுதான் சொல்லுவன்னு நெனச்சேன்."

"சொல்லியிருப்பேன். இல்லன்னும் சொல்லியிருப்பேன். ஆனா நான்தான சொல்லணும்."

"ஆமா."

தம்பி கையெழுத்துப் போட்டார். பதிவு நாளன்றும் வந்தார், காலை இழுத்து இழுத்துப் படியேறி வந்தார். வேலை முடிந்ததும் வீட்டைப் பார்க்காமல் அப்படியே பஸ் ஏறிவிட்டார். வீடு எழும்பியது. பின்சுவர் கருங்கல் அஸ்திவாரத்தின்மேல் நின்றது. கிழக்குப் பக்கத்து அறையை அக்கா தம்பிக்கென்று விட்டு வைத்தார். புதுவீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்கு அந்தத் தெருவே வந்தது, பாய் பிரியாணி அண்டாவோடு வந்தார். தம்பி வரவில்லை.

எண்பதுகளில் எனக்குக் கல்யாணமாகி, ஆம்பூரிலேயே ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்தது. அக்கா ஓய்வுபெற்று அந்த வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்குள் ஷூ கம்பெனிகள் நிறைய வந்திருந்தன. தம்பியின் மூத்த பெண்ணுக்கு ஒன்றில் தையல் பிரிவில் வேலை கிடைத்தது. மாதனூரிலிருந்து கம்பெனி பஸ் வரும், போகும். ஆனால் அந்தப் பெண், "அத்தை வீட்லயே தங்கிக்கறேன்" என்று பெட்டியோடு வந்துவிட்டாள். யாரைக் கேட்டு வந்தாளோ தெரியாது. அக்கா கேட்கவில்லை. கிழக்கறையைத் திறந்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நானும் அங்கே இருந்தேன். வாசலில் தடி ஊன்றும் சத்தம் கேட்டது. தம்பிதான். மகளின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே வந்தார். மகளைப் பார்க்க வந்தவர் என்றுதான் எல்லோரும் நடந்துகொண்டோம். அவர் மெதுவாகப் பின்பக்கம் போனார். சுவரைப் பார்த்தார். உள்ளங்கையை அதன்மேல் வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து சுவரோரமாகக் காலை நீட்டி உட்கார்ந்தார்.

அக்கா தட்டு வைத்தார். சோறு போட்டார், கருவாட்டுக் குழம்பு ஊற்றினார். தம்பி பிசைந்தார்.  மகள் என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன். தம்பி ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய்.

"கொழம்புல உப்பு கம்மி" என்றார்.

மாதனூர் வெயிலுக்குப் பிறகு அவர் அக்காவிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அக்கா எழுந்து சமையலறைக்குப் போனார். உப்பு ஜாடி கதவுக்குப் பக்கத்திலேயே இருக்கும், கை நீட்டினால் எட்டும். ஆனாலும் அவர் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. வந்தபோது கரண்டி இல்லை, கிண்ணம் இல்லை. உள்ளங்கையில் உப்போடு வந்து தம்பி முன்னால் குனிந்தார்.

"அத்தை, உப்பக் கையில குடுக்காதீங்க. சண்ட வரும்பாங்க" என்றாள் மகள்.

"அதான் வந்து போயாச்சே" என்றார் தம்பி, தட்டை முன்னால் தள்ளி. "நீ போடுக்கா."